2147483647: ஒரு பெரிய எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. பத்து இலக்கங்கள், பார்த்தவுடன் எந்த ஒழுங்கும் தெரியாது. ஆனால் கணினி நிரல் எழுதுகிறவர்களில் பலர் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். கணிதக்காரர்களுக்கோ இது 250 வருடத்துப் பழைய சிநேகிதம்.

12 என்றால் அது 3×4, 2×6 என்று யோசிக்காமலே சொல்லிவிடுவோம். 13 என்றால் 1-ஐயும் தன்னையும் தவிர எதாலும் வகுபடாத பகா எண் என்று தெரியும். இவ்வளவு பெரிய எண்ணைப் பற்றி அதே மாதிரி ஏதாவது சொல்ல முடியுமா? பள்ளியில் படித்த விதிகளிலிருந்தே தொடங்கலாம்.

கடைசி இலக்கம் 7. ஆகவே 2-ஆலும் 5-ஆலும் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் 46. அது 3-ஆல் வகுபடாததால் இந்த எண்ணும் 3-ஆல் வகுபடாது. வலப்பக்கத்திலிருந்து ஓர் இலக்கம் விட்டு ஓர் இலக்கமாகக் கூட்டியும் கழித்தும் வந்தால் (7 – 4 + 6 – 3 + 8 – 4 + 7 – 4 + 1 – 2) கிடைப்பது 12. ஆகவே 11-ம் இல்லை. பள்ளி விதிகள் ஏறக்குறைய இங்கேயே தீர்ந்துவிடும். அதற்குமேல் நேரடியாக வகுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

எதுவரை வகுக்க வேண்டும்? வர்க்கமூலம் வரை போதும். ஓர் எண்ணுக்கு 1-ஐயும் அதையும் தவிர வேறு காரணிகள் இருந்தால் அவை ஜோடி ஜோடியாகத்தான் வரும். ஜோடியில் சிறியது வர்க்கமூலத்தைத் தாண்டாது. நம் எண்ணின் வர்க்கமூலம் 46340-ஐவிடச் சற்று அதிகம். அதுவரை உள்ள பகா எண்களே 4700-க்கும் மேல். காகிதமும் பேனாவும் மட்டும் இருந்த காலத்தில் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது தண்டனை மாதிரிதான்.

சரி, வேறு வழி பார்ப்போம். இந்த எண்ணோடு 1-ஐக் கூட்டிப் பாருங்கள். 2147483648. இது 2-ஐ 31 தடவை தன்னோடு தானே பெருக்கினால் வருவது, அதாவது 2³¹. ஆகவே நம் எண் 2³¹ – 1. இப்படி எழுதியதும் கதை மாறிவிடுகிறது. தசமத்தில் தாறுமாறாகத் தெரிந்த பத்து இலக்கங்கள், 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதும் இரும முறையில் வரிசையாக 31 ஒன்றுகளாக நிற்கும். தசமத்தில் 10000-லிருந்து 1-ஐக் கழித்தால் 9999 வருகிறதல்லவா, அதே கணக்கு.

கணினிக்காரர்களுக்கு இந்த எண் பழக்கமானதும் இதனால்தான். பழைய கணினிகள் ஒரு முழு எண்ணை 32 பிட்டுகளில் (பிட் என்பது 0 அல்லது 1 எழுதும் ஓர் இடம்) வைத்தன. ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விட்டால் மீதி 31. எல்லாவற்றிலும் 1 போட்டால் கிடைக்கும் உச்சம் இதுதான். சி, ஜாவா நிரல் மொழிகளில் முழு எண்ணை வைக்கும் சாதாரண இன்ட் வகை இன்றைக்கும் இதற்குமேல் ஏறாது. ஜாவாவில் அதோடு 1-ஐக் கூட்டினால், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்கு அப்புறம் 00000-க்குப் போவது போல, எண் புரண்டு –2147483648-இல் போய் நிற்கும்.

2038 பிரச்சினை என்று கேள்விப்பட்டிருக்கலாம். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழிவந்த கணினிகள் 1970 ஜனவரி 1-லிருந்து கழிந்த நொடிகளை எண்ணித்தான் நேரம் சொல்கின்றன. அந்த எண்ணிக்கை 2147483647-ஐத் தொடும் நொடி, 2038 ஜனவரி 19, கிரீன்விச் நேரம் அதிகாலை 3:14:07. இந்தியாவிலும் இலங்கையிலும் அப்போது காலை 8:44:07. அடுத்த நொடியில், 32 பிட்டிலேயே நேரத்தை வைத்திருக்கும் பழைய கருவிகள் 1901 டிசம்பர் 13 என்று காட்டும். இப்போதைய கணினிகள் 64 பிட்டுக்கு மாறிவிட்டதால் அவற்றுக்குக் கவலையில்லை. எங்கோ சுவருக்குள் பதித்து எல்லோரும் மறந்துபோன கருவிகள்தான் பாக்கி.

இனி கணிதம். இரும முறையில் வெறும் ஒன்றுகளாலேயே ஆன எண்களை வரிசையாக எழுதுவோம்: 1, 3, 7, 15, 31, 63, 127. இவற்றில் 3, 7, 31, 127 பகா எண்கள். 15-ம் 63-ம் இல்லை. காரணம் எளிது. 63 என்பது ஆறு ஒன்றுகள்: 111111. இதை 111, 111 என்று மூன்று மூன்றாக வெட்டலாம். ஆகவே அது 111-ஆல் வகுபடும். இரும முறையில் 111 என்றால் 7. உண்மைதான், 63 = 7×9. ஒன்றுகளின் எண்ணிக்கையைச் சம துண்டுகளாக வெட்ட முடிந்தால் அந்த எண்ணும் உடையும். ஆகவே எண் பகா எண்ணாக இருக்க வேண்டுமானால், அதிலுள்ள ஒன்றுகளின் எண்ணிக்கையே பகா எண்ணாக இருந்தாக வேண்டும்.

31 பகா எண். முதல் தடையை நம் எண் தாண்டிவிட்டது. கணினியின் மற்ற உச்சங்கள் எல்லாவற்றுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. 16 பிட்டின் உச்சம் 2¹⁵ – 1 = 32767; 15 ஒன்றுகளை மூன்று மூன்றாக வெட்டலாம் என்பதால் அது 7-ஆல் வகுபடும். 64 பிட்டின் உச்சம் 9223372036854775807. அதில் 63 ஒன்றுகள், அதே காரணத்தால் அதுவும் 7-ஆல் வகுபடும். 8 பிட்டின் உச்சமான 127 தப்பிக்கிறது, 32 பிட்டின் உச்சமும் தப்பிக்கலாம். "தப்பிக்கலாம்" என்றுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும். ஒன்றுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தும் உடைகிற எண்கள் உண்டு. 11 ஒன்றுகள் கொண்ட 2047-ஐப் பாருங்கள்: 23×89.

இந்த இடத்தில் பெரிய பெரிய ஆட்கள் சறுக்கியிருக்கிறார்கள். இத்தாலியின் கடால்டி, 17 ஒன்றுகளும் 19 ஒன்றுகளும் கொண்ட எண்கள் பகா எண்கள் என்று வகுத்துப் பார்த்துச் சரியாகச் சொன்னார். அதோடு நின்றிருக்கலாம். 1603-இல் வெளியிட்ட நூலில் 23, 29, 31, 37 ஒன்றுகளுக்கும் அப்படித்தான் என்று எழுதிவிட்டார். 1640-இல் பிரெஞ்சுக் கணிதக்காரர் ஃபெர்மா 23-ஐயும் 37-ஐயும் உடைத்தார் (2²³ – 1 = 47×178481). 1730-களில் சுவிட்சர்லாந்தில் பிறந்த கணிதக்காரர் ஆய்லர் 29-ஐ உடைத்தார். அதற்கு 233 ஒரு காரணி. இடையில் 1644-இல், பிரான்சில் பாதிரியாராக இருந்த மெர்சென் 257 வரைக்கும் ஒரு பட்டியல் போட்டார். அதில் 31 இருந்தது. ஆனால் தவறாகச் சேர்த்த இரண்டும் (67, 257) விட்டுப்போன மூன்றும் (61, 89, 107) சேர்த்து மொத்தம் ஐந்து பிழை. இருந்தும் இவ்வகைப் பகா எண்கள் இன்று மெர்சென் பகா எண்கள் என்றே அவர் பேரில் நிற்கின்றன. பட்டியல் போட்டவருக்குப் பெயரும் உடைத்துப் பார்த்தவர்களுக்கு உழைப்பும் கிடைப்பது கணிதத்திலும் நடக்கிறது.

31-க்குத் தீர்ப்புச் சொன்னவர் ஆய்லர். 1772-இல் சக கணிதக்காரர் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில், 2147483647 பகா எண்தான் என்று அறிவித்தார். அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. 4700 சொச்சம் வகுத்தல்களைச் செய்து தீர்ப்புச் சொல்லவில்லை. பெரும்பாலானவற்றைச் செய்யவே வேண்டாம் என்று காட்டினார். இந்தக் கட்டுரையில் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

2, 4, 8, 16 என்று 2-இன் அடுக்குகளை எடுத்துக்கொண்டு, ஏதாவது ஒற்றைப்படைப் பகா எண்ணால் வகுத்து மீதிகளை மட்டும் எழுதுங்கள். 23-ஆல் வகுத்தால்: 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1. ஒன்றைத் தொட்டதும் மறுபடி 2, 4, 8 என்று சுற்றத் தொடங்கும். சுற்றின் நீளம் 11. ஃபெர்மாவின் தேற்றத்திலிருந்து கிடைப்பது இது: சுற்றின் நீளம், அந்தப் பகா எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவதை மீதியில்லாமல் வகுக்கும். இங்கே 22-ஐ 11 வகுக்கிறது.

இப்போது ஏதோ ஒரு பகா எண் நம் 2³¹ – 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதனால் 2³¹-ஐ வகுக்கும்போது மீதி 1. அதாவது 31-ஆம் இடத்தில் சுற்று 1-க்கு வந்து நிற்கிறது. ஆகவே சுற்றின் நீளம் 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண், அதை வகுப்பவை 1-ம் 31-ம் மட்டுமே. நீளம் 1 ஆக வாய்ப்பில்லை, முதல் மீதியே 2 ஆயிற்றே. ஆகவே நீளம் 31-தான். அப்படியானால் அந்தப் பகா எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது 31-ஆல் வகுபடும். இரட்டைப்படை என்பதால் 2-ஆலும் வகுபடும். ஆகவே அது 62-இன் மடங்கு. முடிவாக, 2147483647-க்குக் காரணி என்று ஒன்று இருந்தால் அது 62-இன் மடங்கோடு 1-ஐக் கூட்டிய எண்ணாகத்தான் இருக்க முடியும். மற்ற பகா எண்களைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

இந்த விதியை முன்னால் உடைந்த எண்களில் சரிபார்க்கலாம். 2047-க்கு விதி 22-இன் மடங்கும் 1-ம்: 23 = 22 + 1, 89 = 88 + 1. 29 ஒன்றுகளுக்கு 58-இன் மடங்கும் 1-ம்: 233 = 232 + 1.

இன்னொரு சல்லடையும் உண்டு. 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. ஆனால் 2³² ஒரு முழு வர்க்கம், 65536-இன் வர்க்கம். ஒரு வர்க்க எண் மீதியாக 2-ஐத் தருவது எல்லா ஒற்றைப்படைப் பகா எண்களிலும் நடக்காது. 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வருகிற பகா எண்களில்தான் நடக்கும். (இதை நிரூபிக்க இன்னொரு கட்டுரை வேண்டும், இப்போதைக்கு நம்பிக்கொள்ளுங்கள்.) இரண்டு சல்லடைகளையும் சேர்த்தால் மிஞ்சுபவை 248-இன் மடங்கோடு 1 கூட்டியவையும் 63 கூட்டியவையும் மட்டும்.

46340 வரை அப்படிப்பட்ட எண்கள் ஏறக்குறைய 370. அவற்றிலும் பகா எண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் சுமார் 80. முதலில் வரும் 63-ம் 249-ம் பகா எண்களே இல்லை. அடுத்தது 311. நம் எண்ணை அதனால் வகுத்தால் மீதி 35. அதற்கப்புறம் 1303 வரை வேறு பகா எண் இல்லை. அதில் மீதி 226. பிறகு 1489, மீதி 199. இப்படியே போனால் ஒன்றுகூட மீதியில்லாமல் வகுக்காது. வேலை முடிந்தது. அடுத்த எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக, பகா எண் என்று உறுதியாகத் தெரிந்தவற்றில் இதுவே பெரியதாக இருந்தது.

எண் இப்படி யாருக்கும் வளையாமல் நிற்க, இரண்டு பக்கத்து அண்டை எண்களும் எப்படி இருக்கின்றன? மேலே இருக்கும் 2147483648-இல் 2-ஐத் தவிர வேறு பகாக் காரணியே இல்லை. அதன் வகுத்திகள் 32. கீழே இருக்கும் 2147483646-ஐ உடைப்பது எளிது. 2-ஐ வெளியே எடுத்தால் 2³⁰ – 1. அது 32767×32769. முதலாவது 7×31×151, இரண்டாவது 3×3×11×331. மொத்தம் 192 வகுத்திகள். நடுவில் நிற்கும் நம்மாளுக்கு இரண்டே இரண்டு. ஓர் எண்ணின் அளவை வைத்து அதன் குணத்தைச் சொல்லவே முடியாது. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் உள்ளமைப்பு தலைகீழாகிவிடுகிறது.

கீழ் அண்டை எண் இப்படித் தூள் தூளாக உடைவதில் ஒரு பலனும் இருக்கிறது. கணினியில் ரேண்டம் எண்கள் (அடுத்து எது வரும் என்று ஊகிக்க முடியாதவை போலத் தோன்றும் எண்கள்) தயாரிக்க ஒரு பழைய முறை உண்டு: கையிலிருக்கும் எண்ணை ஒரு நிலையான எண்ணால் பெருக்கி, ஒரு பகா எண்ணால் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாக எடுத்துக்கொள்வது. சின்ன அளவில், 3-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால்: 1, 3, 2, 6, 4, 5, மறுபடி 1. ஒன்றிலிருந்து ஆறு வரை எல்லா எண்ணும் ஒரு தடவை வந்துவிட்டன. 7-க்குப் பதில் 8-ஐ எடுத்தால் 1, 3, 1, 3 என்று அங்கேயே முடிந்துவிடும். 1988-இல் பார்க், மில்லர் இருவரும் குறைந்தபட்சத் தரம் என்று பரிந்துரைத்த முறையில் வகுக்கும் எண் 2147483647, பெருக்கும் எண் 16807 (7-இன் ஐந்தாம் அடுக்கு). 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று ஓடும். 1 முதல் 2147483646 வரை ஒன்று விடாமல் தொட்டுவிட்டுத்தான் தொடக்கத்துக்குத் திரும்பும். அதை உறுதிசெய்ய 214 கோடி தடவை ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. சுற்றின் நீளம் 2147483646-ஐ வகுக்க வேண்டும் என்பது தெரியும். அதன் ஏழு பகாக் காரணிகளை வைத்து ஏழு சோதனை செய்தால் போதும். ரகசியக் குறியீட்டு வேலைக்கு மட்டும் இந்த முறை உதவாது. ஒரு எண் தெரிந்தால் அடுத்தது தெரிந்துவிடும்.

செவ்விய எண்கள் என்று ஒரு வகை உண்டு. தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண். 6 = 1 + 2 + 3. 28 = 1 + 2 + 4 + 7 + 14. மெர்சென் பகா எண் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு செவ்விய எண் பிறக்கும் என்று யூக்ளிட் காட்டியிருக்கிறார்: 3×2 = 6, 7×4 = 28, 31×16 = 496, 127×64 = 8128. நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128. கண்டறியப்பட்ட எட்டாவது செவ்விய எண் இதுதான். 1-லிருந்து 2147483647 வரை எல்லா எண்களையும் கூட்டினாலும் இதே விடைதான் வரும். 1811-இல் இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ, இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனற்ற ஒன்றுக்காக யார் மெனக்கெடுவார்கள் என்ற பொருளில் எழுதினார். பயனற்ற வேலைக்கு ஆள் கிடைக்காது என்று நினைத்தது அவருடைய பிழை.

1876-இல் பிரான்சின் லூக்கா 2¹²⁷ – 1 பகா எண் என்று நிரூபித்தார். 39 இலக்கங்கள். அவர் வகுத்துப் பார்க்கவே இல்லை. பின்னால் அமெரிக்காவின் லெமர் செப்பம் செய்த அவருடைய சோதனை இப்படிப் போகும்: 4-இல் தொடங்குங்கள். ஒவ்வொரு தடவையும் வர்க்கம் எடுத்து 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். 31-ஐச் சோதிப்போம். 4; 16 – 2 = 14; 196 – 2 = 194, மீதி 8; 64 – 2 = 62, மீதி 0. ஐந்து ஒன்றுகள் கொண்ட எண்ணுக்கு மூன்றாம் படியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 31 ஒன்றுகளுக்கு 29 படிகள். ஆய்லரின் எண்பது வகுத்தல்களுக்குப் பதில் 29 படியில் காரியம் முடிகிறது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ – 1, 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்டது, அதைப் பகா எண் என்று உறுதிசெய்யவும் இந்தச் சோதனையைத்தான் ஓட்டினார்கள்.

கடைசியாக ஒரு விஷயம். 3 ஒன்றுகள் கொண்ட எண் 7, பகா எண். 7 ஒன்றுகள் கொண்ட எண் 127, அதுவும் பகா எண். 127 ஒன்றுகள் கொண்டது லூக்காவின் எண், அதுவும் பகா எண். இன்னொரு சங்கிலி 5-இல் தொடங்குகிறது. 5 ஒன்றுகள் என்றால் 31. 31 ஒன்றுகள் என்றால் நம் எண். சரி, 2147483647 ஒன்றுகளை வரிசையாக வைத்தால்? அந்த எண்ணைத் தசமத்தில் எழுத 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும். பகா எண்ணா என்றால், இல்லை. 295257526626031 அதை வகுத்துவிடுகிறது. ஆய்லர் காட்டிய விதிப்படி, அதன் காரணிகள் 4294967294-இன் மடங்கோடு 1-ஐக் கூட்டியவையாக இருக்க வேண்டும். 4294967294-ஐ 68745-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டிப் பாருங்கள், அதே எண் வரும்.